ஊர்க் குழாய்த் தண்ணீரும் மகளின் வெட்கமும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தக்காளித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்குப் பல் முழுக்கக் காவி. கொஞ்ச நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிரிப்பு வந்தால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் “நீ பல்லே விளக்க மாட்டியா?” என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து செங்கல் பொடி போட்டுத் தேய்க்கிறாள், ஈறில் ரத்தம் வருகிறது. “இந்தப் பல்லுக்கு அப்புறம் மாப்பிள்ளை கிடைக்காது, இப்போது கேட்கிற இடத்திலேயே முடித்துவிடு” என்கிறார் என் நாத்தனார். இரண்டு வயதில் ஒரு பையனும் இருக்கிறான். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் ஊருக்கும் வருகிறது. ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை, பதினோரு மணி வாக்கில் விடுகிறார்கள். அப்போது நான் தோட்டத்தில் இருப்பேன். அதனால் குடிக்க, சமைக்க எல்லாமே போர் தண்ணீர்தான். மகளுக்குக் கவுன்சிலிங் கொடுத்தால் சரியாகுமா? அவள் மனசை எப்படித் தேற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செங்கல் பொடியைத் தூக்கிப் போடுங்கள். கரித்தூள், உப்பு, எலுமிச்சம்பழம் என்று யார் எதைச் சொன்னாலும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற தாது செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். பல் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்யட்டும். ஃப்ளோரைடு காவி பல்லின் மேல் படிகிற அழுக்கு இல்லை. பல் ஈறுக்குள் உருவாகும்போதே, எனாமல் என்கிற பல்லின் மேல் ஓடு கட்டுகிற காலத்திலேயே உண்டாகிவிடுவது. பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை குடித்த தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் காவி போகாது. எனாமல்தான் தேயும், ஈறு புண்ணாகும். தினம் இரண்டு வேளை பல் விளக்குகிற பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும். இதை இன்று ராத்திரியே அவளிடம் சொல்லுங்கள். “நீ ஒழுங்காத்தான் விளக்கறே கண்ணு, இது தண்ணியால வந்தது” என்று இதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, கவுன்சிலிங் பற்றி. மனம் விட்டுப் பேச ஒருவர் கிடைத்தால் அவளுக்கு ஆறுதல்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அப்படி எதுவும் இல்லாமல் பல்லைப் பற்றிய கூச்சம் மட்டும்தான் என்றால், அவளை மட்டும் தனியே பிரித்து ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. குறை தன்னிடம்தான் என்று அவள் ஏற்கெனவே நம்புகிறாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் பாடம் படிக்கும்போது தன்னை மட்டும் அழைத்துப் போனால், அந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிடும்.

நான் வேலை செய்வது சமுதாய உளவியலில். 1965-இல் அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஸ்வாம்ப்ஸ்காட் என்ற ஊரில் உளவியலாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து இந்தத் துறைக்கு வயது சொல்வார்கள். மனம் நொந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராக வைத்தியம் பார்க்கிறோம். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளுகிற தெருவை, வேலையை, பள்ளியை, வறுமையை யார் பார்ப்பது? இதுதான் அவர்கள் கேட்டது. ஜார்ஜ் ஆல்பி என்ற உளவியலாளர் இதையே ஓயாமல் சொல்லிவந்தார்: பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆள் ஆளாக வைத்தியம் பார்த்து எந்தப் பெருநோயும் ஒழிந்ததில்லை, வரும் முன் தடுத்தால்தான் உண்டு. 1971-இல் வில்லியம் ரயான் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். கேடு ஊரில் இருக்கும். அது யார் மேல் விழுந்ததோ அவரைக் கூப்பிட்டு, உன் பழக்கம் சரியில்லை, அதனால்தான் உனக்கு இப்படி என்று சொல்வோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வோம். கேடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டீச்சர் கேட்டதும் அதுதான். அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. காவிப் பல்லைப் பார்த்தால் சுத்தக்குறைவு என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஒரு கேள்வியில், பூமிக்கடியில் பாறையிலிருந்து வந்த ஒரு பிரச்சினை பதினான்கு வயதுப் பெண்ணின் ஒழுக்கக் குறையாக மாறிவிட்டது. அவளும் அதை நம்பித்தான் செங்கல் பொடியைக் கையில் எடுத்தாள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே பாறை பூமி. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்குகிற நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கரைந்து ஏறுகிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும். இன்னும் அதிகமான அளவில் பல வருஷம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இப்படி எலும்பு இறுகி முடங்கியவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1937-லேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் கழுத்தைத் திருப்ப முடியாத, குனிந்தால் நிமிர முடியாத பெரியவர்கள் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வயசாகிவிட்டது என்ற ஒரே பதிலோடு விட்டுவிடவும் கூடாது.

இந்தக் காவியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. அதில் உங்களைப் போன்ற தாய் தகப்பன்மார்தான் முக்கியமானவர்கள். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் பழுப்புப் பற்களின் காரணத்தைத் தேடிப் பல வருஷம் அலைந்தார். 1923-இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். அங்கிருந்த பெற்றோர், ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் இப்படி ஆனது என்றார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பெற்றோர் சொன்னதை நம்பி, அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுத் தண்ணீருக்கு மாறச் சொன்னார். ஊர் மாறியது. சில வருஷத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முளைத்த நிரந்தரப் பற்கள் காவியில்லாமல் வந்தன. காரணம் ஃப்ளோரைடு என்று கண்டுபிடித்ததே 1931-இல்தான்! பெயர் தெரியாத ஒன்றை, எந்தக் குழாய், எந்த வருஷம், யார் வீட்டுப் பிள்ளை என்று தங்களுக்குள் பேசிப் பேசியே அந்த ஊர் பிடித்துவிட்டது. உங்களுக்கோ அதன் பெயரும் தெரியும், மாற்றுத் தண்ணீரும் ஊருக்குள் வந்துவிட்டது.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வருகிறது: “பதினோரு மணி வாக்கில் விடுகிறார்கள். அப்போது நான் தோட்டத்தில் இருப்பேன்.”

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்குக் கொண்டுவந்த பெரிய வேலை அது. ஆனால் அந்தத் தண்ணீர் உங்கள் மகன் வாய்க்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து வருகிறவரைக் கேட்டால், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பார். உங்களுக்கு விழிப்புணர்வு இல்லையா என்ன? எந்தத் தண்ணீர் நல்லது என்று தெரிந்துதான் கடிதமே எழுதியிருக்கிறீர்கள். விடிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண்ணால் பதினோரு மணிக்குக் குழாயடியில் நிற்க முடியாது. சாயந்திரம் திரும்பும்போது குடம் காலி, போர் குழாயோ திறந்தால் வருகிறது. இதில் மாற்ற வேண்டியது உங்கள் அறிவையா, வால்வு திறக்கும் நேரத்தையா? ஒருவருடைய பழக்கம் அவர் இருக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அமைவது. அதனால் அந்த இடத்தையும் நேரத்தையும் படித்துவிட்டுத்தான் ஆளைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்கள் துறையில் ஜேம்ஸ் கெல்லி போன்றவர்கள் வற்புறுத்தினார்கள். தாய்மார்களைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்துகிற எல்லாரும், முதலில் அந்த ஊர்க் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருப்பது நீங்கள் மூன்று பேர். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் என்று வைத்தாலும் மூன்று நாளைக்கு அறுபது லிட்டர். அதாவது நாலு குடம். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரே போதும், அதனால் ஒன்றும் ஆகாது. பதினோரு மணிக்கு இந்த நாலு குடத்தைப் பிடித்துவைக்கத் தெருவில் யாராவது ஒருவர் வேண்டும். வேலைக்குப் போகாத ஒரு அத்தையோ பாட்டியோ இரண்டு மூன்று வீட்டுக்குச் சேர்த்து டியூப் போட்டு மூடியுள்ள டிரம்மில் பிடித்துவைக்கலாம். பதிலுக்கு நீங்கள் அவருக்குச் சந்தையிலிருந்து காய்கறி வாங்கிவருகிறீர்கள். இது அடுத்த முறை தண்ணீர் விடும்போதே தொடங்கிவிடக்கூடியது.

நேரத்தை மாற்றுவது உங்கள் ஒருவரால் ஆகாது, ஆகவும் வேண்டாம். மகளிர் குழுவில் இருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது 1989 செப்டம்பரில், அதுவும் உங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக வாராவாரம் உட்கார்ந்து, யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு அவசரம் என்று பேசிப் பழகிய பெண்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு சங்கம் தொடங்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் கடன் வரவு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க வீட்டுப் பசங்களுக்கும் பல் காவியா இருக்கா? எந்தக் குழாய்த் தண்ணி குடிக்கிறீங்க?” யாருடைய பிள்ளையையும் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம். தாய்மார்கள் சொன்னால் போதும். ஒரு நோட்டில் தெருவை வரைந்து, எந்தப் போர், எந்தெந்த வீடு, எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காவி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓக்லி ஊர்ப் பெற்றோர் பேச்சில் செய்ததை நீங்கள் பேப்பரில் செய்கிறீர்கள்.

அப்புறம் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சியும் கிட்டும் கொடுக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஊராட்சியில் அந்தக் கிட் யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். அலமாரியில் பிரிக்காமல் இருந்தாலும் இருக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்திலேயே ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீரைப் பிடித்து, எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒவ்வொரு போரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் போர்களில்கூட அளவு வேறாக இருக்கும். ஒகேனக்கல் தண்ணீர் விடும் குழாயிலும் ஒரு கேன் பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டியில் இரண்டு தண்ணீரும் கலக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

டேங்க் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கரண்ட் எப்போது வருகிறது, மேலேயிருந்து தண்ணீர் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர் வால்வைத் திறக்கிறார், வாங்குகிற சம்பளமும் கொஞ்சம். குழுவிலிருந்து நாலைந்து பேர் போய், காலை ஆறு மணிக்கோ சாயந்திரம் ஐந்துக்கு மேலோ விட முடியுமா, எது தடுக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலிலிருந்துதான் மனுவே பிறக்கும். தொட்டி கொள்ளளவு போதவில்லை என்பாரா, ஊராட்சித் தலைவர் உத்தரவு என்பாரா, இல்லை இதுவரை யாருமே கேட்கவில்லை என்பாரா? இந்தக் கடைசிப் பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவரால் முடியாதென்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், உங்கள் கோரிக்கைக்கென்றே வைத்த நாள் மாதிரி. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல், தீர்மானமாக எழுதவைத்துக் கையெழுத்துப் போடுங்கள். அங்கும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அந்தத் தீர்மான நகலோடும் சோதனை ரிப்போர்ட்டோடும் மனு கொடுங்கள். முதலில் சின்னதாக ஒன்றை ஜெயித்துக் காட்டுங்கள். தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் ஒரு கூட்டத்தோடு ஒட்டுவார்கள் என்று மெக்மில்லனும் சாவிஸும் 1986-இல் எழுதியது இன்றும் எங்கள் துறையின் அடிப்படைகளில் ஒன்று. முதல் வாரமே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள்.

இதெல்லாம் மகளின் மனசுக்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நிறைய செய்யும். அவள் வகுப்பில் இன்னும் பலருக்குக் காவி இருக்கும். ஒவ்வொருவரும் தன் பல்தான் மோசம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பதால் ஒருவர் பல் மற்றவர் கண்ணில் படுவதேயில்லை. தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். அந்த டீச்சர் மீது புகாராக வேண்டாம். அறிவியல் டீச்சர் ஒரு வகுப்பு ஃப்ளோரைடு பற்றி எடுக்க முடியுமா, பிள்ளைகள் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து கிட்டில் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். தன் தெருத் தண்ணீரில் மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டு, அளவைத் தானே நோட்டில் எழுதுகிற பெண்ணுக்குத் தன் பல்லைப் பற்றிய எண்ணம் மாறும். அவள் அப்போது குற்றவாளி இல்லை, சாட்சி. இதை நான் கவுன்சிலிங்கை விடப் பெரிதாக நம்புகிறேன்.

நாத்தனார் பேச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. தம்பி மகள் மேல் இருக்கும் கவலையில்தான் பேசுகிறார். ஆனால் வெட்கத்தைக் காட்டி அவசரப்படுத்துகிற கல்யாணத்தால்தான் உங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் படிப்பு பத்தாவதோடு நின்றிருக்கிறது. பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், செய்துவைக்கிற பெரியவர்களுக்கும் தண்டனை உண்டு. வற்புறுத்தல் எல்லை மீறினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு மகளே கூப்பிடலாம். அந்த எண் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். நாத்தனாரிடம் சட்டத்தில் தொடங்காமல், “அண்ணி, இது தண்ணியால வந்த காவி. டாக்டர் சரி பண்ணுவாரு. அவ படிக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள்.

டாக்டர் சரி பண்ணுவார் என்பதும் உண்மைதான். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். வெறும் கிளீனிங்கில் இந்தக் காவி போகாது, அதற்குப் பணம் கட்டாதீர்கள். லேசான காவி என்றால் எனாமலை மெல்லியதாகத் தேய்த்தும் வெளுக்கவைத்தும் குறைக்கலாம். ஆழமானது என்றால் பல்லின் நிறத்திலேயே மேலே பூச்சு வைப்பார்கள். முன்பற்களுக்கு மட்டும் செய்தால்கூட அவளுக்குப் போதுமானதாக இருக்கும். அது அவள் முடிவு செய்ய வேண்டியது, எப்போது என்பதும் அவள் விருப்பம்.

கடைசியாக உங்கள் பையன். எனக்கு மகளை விட அவனைப் பற்றித்தான் அவசரம், ஏனென்றால் அவனுடைய நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. நாலு குடத்தில் முதல் குடம் அவனுக்கு. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்றுகிற அளவுக்கு ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி வைத்த சாதா ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும். களி கிண்டும் தண்ணீரும் சோறு வடிக்கும் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீராக இருக்க வேண்டும், களி எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் நிறையக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் ஃப்ளோரைடின் வேகத்தைக் குறைக்கும். டீ வேண்டாம், தேயிலையிலேயே ஃப்ளோரைடு உண்டு. பல் விளக்கும்போது பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும்.

அங்கன்வாடியில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள், எதைக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று நாளைக்கு அவனை விடப் போகும்போதே கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் சோதனைக்கு எடுக்கும் முதல் கேன் அங்கிருந்து போகட்டும். அங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் ஆறு வயதுக்குள்தான். ரிப்போர்ட்டில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று வந்ததும் எனக்கு எழுதுங்கள், கிராம சபைக்கான தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.